காய்ச்சல் கட்டத்துச் சாவி

ஆய்வு நிலையம்,
ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நான் இங்கே நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா, அண்ணன் இன்னும் தலையில் ஒரு துணிகூடப் போடாமல்தான் வெயிலில் அலைகிறாரா என்று முதலில் எழுதுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அப்புறம் என்று எழுதிவிட்டேனே தவிர, என்னால் பொறுக்க முடியவில்லை. சோதனைக்கு அனுமதி கிடைத்துவிட்டது அண்ணி. மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேனே, அதற்கு இன்று காலை எங்கள் நிலையத் தலைவர் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தோடு படியிறங்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இன்னொரு சேதி, சோதனை நடக்கப்போவது நம் வயலில்.

விஷயம் இதுதான். நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் கட்டி வைக்க வேண்டியதில்லை, காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சினால் போதும் என்பது ஏற்கெனவே தெரிந்தது. மண்ணுக்குள் பதினைந்து சென்டிமீட்டர் வரை தண்ணீர் இறங்கலாம், பயிருக்கு ஒன்றும் ஆகாது. அதைப்போல இரண்டு மடங்கு இறங்கவிட்டால் என்ன ஆகும் என்பது என் கேள்வி. அது மட்டும் பலித்தால் வாய்க்காலில் பாதித் தண்ணீர் மிச்சமாகும், கடைசி மடைக்காரருக்கும் போய்ச் சேரும். இன்னொன்றும் உண்டு. தண்ணீர் தேங்கிய சேற்றுக்குள் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் என்ற வாயுவை விடுகின்றன. பூமி சூடாவதற்கு அதுவும் ஒரு காரணம். மண் காய்ந்து காற்று உள்ளே போனால் அவற்றின் வாய் அடைத்துவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது, வயலில் இரண்டு கட்டம் பிரிப்பது. ஒன்று ஈரக் கட்டம், எப்போதும் தண்ணீர் நிற்கும். மற்றது காய்ச்சல் கட்டம், மண்ணைக் காயவிடுவது. அதில் துளை போட்ட குழாய் ஒன்றை மண்ணுக்குள் இறக்கிவைத்தால் தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று தெரியும். வாரம் ஒருமுறை கண்ணாடிப் பெட்டியைப் பயிர்மேல் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றை ஊசியால் எடுத்து, ரப்பர் மூடிக் குப்பியில் அடைத்து, பஸ் பார்சலில் அனுப்ப வேண்டும். காய்ச்சல் கட்டத்து வால்வுக்கு ஒரு பூட்டும் அனுப்புகிறேன். யாராவது தெரியாமல் திறந்துவிடக் கூடாது. சாவி அண்ணனிடமே இருக்கட்டும். அவரைவிட நம்பிக்கையான ஆள் எனக்கு யார்?

இந்தப் பருவம் நல்லபடி முடிந்தால் அடுத்த பருவம் வாய்க்கால் நெடுக எல்லா வயலுக்கும் இதையே அறிவித்துவிடலாம் என்கிறார் தலைவர். என்னைத்தான் முன்னால் நிறுத்துவாராம். அண்ணனை எப்படியாவது சம்மதிக்க வையுங்கள் அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

உங்கள் அன்பு நாத்தனார்

*

வீடு,
ஜூன் 12

அன்புள்ள சில்வண்டுக்கு,

ஓயாமல் பேசுகிறாய் என்று உனக்கு அந்தப் பெயரை வைத்த மனுஷர் நலம், என் முழங்காலும் பரவாயில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? சந்தோஷம் வந்தால் சாப்பாட்டை மறக்கிற ஆள் நீ.

உன் அண்ணனிடம் சொன்னேன். முதலில் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பயிரைக் காயப்போட்டுப் பாக்கறதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு நாலு பட்டமா?" என்றார். டீயை வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். டீ ஆறுவதற்குள் அவரே கூப்பிட்டு, "எந்த மூலைல வேணுமாம்?" என்றார். மறுநாளே நூல் பிடித்து வரப்பு போட்டாயிற்று. சுற்றிலும் ஒரு எறும்புகூட நுழையாது, அப்படி மிதித்து இறுக்கியிருக்கிறார். உன் பூட்டைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்து, "நம்ம வயலுக்கு நானே பூட்டுப் போடறேன் பாரு" என்று சிரித்தார். சாவி மோட்டார் சாவியோடு வளையத்தில் தொங்குகிறது.

குழாய் பார்க்கும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். "நீ ஊசியப் பிடி, நான் குழாயப் பாத்துக்கறேன்" என்று பங்கு பிரித்துவிட்டார். எனக்கு ஊசி பழகிவிட்டது. முதல் நாள் குப்பியில் அடைத்ததைவிட வெளியே விட்டதுதான் அதிகம்.

இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். நான் போனை எடுத்தால் உன் அண்ணன் பக்கத்தில் வந்து நின்று "என்னவாம், என்னவாம்" என்பார், பாதிப் பேச்சில் பிடுங்கிக்கொண்டு மோட்டார் கதைக்குப் போய்விடுவார். குப்பிப் பெட்டியில் கடிதம் வைத்தால் அந்தத் தொல்லையில்லை. நீயும் காலிக் குப்பிகளோடு பதில் வை. நமக்குள் இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணி

*

ஆய்வு நிலையம்,
ஜூலை 14

அன்புள்ள அண்ணிக்கு,

வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே? இங்கே எனக்குச் சளி பிடித்து விட்டும்விட்டது, கவலை வேண்டாம்.

பெட்டிகள் ஒழுங்காக வந்து சேர்கின்றன. உங்கள் குப்பிகளைப் பார்த்துப் பக்கத்து மேஜைக்காரி, "யாருடி இது, நம்ம லேப்ல இருக்கறவங்களவிட சுத்தமா அடைச்சிருக்காங்க" என்றாள். எங்கள் அண்ணி என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். ஒரே வருத்தம், வாயு அளக்கும் இயந்திரம் படுத்துவிட்டது. இதுவரை வந்த குப்பிகளில் கொஞ்சத்தைத்தான் அளக்க முடிந்தது. ஒரு பாகம் வெளியிலிருந்து வர வேண்டுமாம், மாதக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். குப்பிகள் அதுவரை கெடாது. வரிசையாக அலமாரியில் காத்திருக்கின்றன.

அண்ணன் அனுப்பும் குழாய் அளவுகளைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். காலையில் வந்ததும் அதைத்தான் முதலில் பார்க்கிறேன். தண்ணீர் இறங்க இறங்க எனக்கு இங்கே உற்சாகம் ஏறுகிறது. மண் வெடிக்க ஆரம்பித்துவிட்டதா? வெடிப்புக்குள் விரல் நுழைகிறதா? பயிரின் நிறம் எப்படி? எல்லாவற்றையும் எழுதுங்கள். கதிர் வெளிவரும் சமயம் மட்டும் இரண்டு கட்டத்துக்கும் தண்ணீர் கட்டச் சொல்லி நானே எழுதுவேன். அப்போது அண்ணன் ஆசைதீரத் திறந்துவிடட்டும். அதுவரை பொறுமை.

உங்கள் அன்பு நாத்தனார்

*

வீடு,
ஆகஸ்ட் 2

அன்புள்ள சில்வண்டுக்கு,

இங்கே உடம்புக்கெல்லாம் குறைவில்லை. உன் சளிக்கு வெந்நீர் குடி, மாத்திரையை அள்ளிப் போடாதே.

மண் வெடித்துவிட்டது. என் விரல் என்ன, உன் அண்ணன் விரலே நுழைகிறது. பயிர் மத்தியானத்தில் இலையைச் சுருட்டிக்கொள்கிறது, சாயங்காலம் விரித்துக்கொள்கிறது. ஈரக் கட்டம் பக்கத்திலேயே தளதளவென்று நிற்பதால் இது இன்னும் பாவமாகத் தெரிகிறது.

உன் அண்ணனுக்கு அந்தப் பக்கம் போனால் முகம் சரியில்லை. போன வாரம் வரப்பில் உட்கார்ந்துகொண்டு, "வாயப் பொளந்துகிட்டுக் கெடக்கு பாரு" என்றார். நான் ஊசியில் காற்றை இழுத்துக் குப்பியில் அடைத்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழை பொய்த்து, வயல் முழுக்கக் கண்ணெதிரில் கருகியது உனக்கு நினைவிருக்கும். நீ அப்போது நிலையத்தில் இருந்தாய், பாதிதான் உனக்குச் சொன்னோம். அந்த மாதம் அவர் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. வெடித்த மண் அவருக்கு வெறும் மண் இல்லை. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிகிறது.

இப்போதெல்லாம் விடிவதற்கு முன்பே எழுந்து போய்விடுகிறார். மோட்டாரில் ஏதோ சத்தம் வருகிறதாம். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. என் அடுப்படித் துணி ஒன்றையும் காணோம், நல்ல கெட்டித் துணி. காற்றில் பறந்திருக்கும்.

அன்புடன்,
அண்ணி

*

ஆய்வு நிலையம்,
ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறீர்களா? நான் நலம், சளி போன இடம் தெரியவில்லை.

அண்ணனிடம் சொல்லுங்கள், இலை சுருட்டுவது பயிர் சாகிற அறிகுறி இல்லை, தண்ணீரை மிச்சம் பிடிக்கிற புத்திசாலித்தனம். பயிர் சமாளிக்கிறது. அவர்தான் சமாளிக்க வேண்டும். குழாய் அளவுகள் பிரமாதம். முப்பதைத் தொட்டுவிட்டது. சுவரில் ஒட்டிய தாளைத் தலைவர் கடந்து போகும்போதெல்லாம் நின்று பார்க்கிறார். நேற்று என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார் அண்ணி. ஐந்து வருடத்தில் முதல்முறையாக எனக்கு அந்த அறையில் நாற்காலி.

வெடிப்பைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கதிர் வெளிவரப் பத்துப் பதினைந்து நாள்தான் இருக்கும். அடுப்படித் துணிக்குப் பதில் நான் இங்கிருந்து இரண்டு வாங்கி அனுப்புகிறேன்.

உங்கள் அன்பு நாத்தனார்

*

வீடு,
செப்டம்பர் 11

அன்புள்ள சில்வண்டுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை. எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

கதிர் நன்றாக வந்திருக்கிறது, இரண்டு கட்டத்திலும். குப்பிகளைத் தவறாமல் அனுப்பியிருக்கிறேன். துணி வாங்க வேண்டாம். என்னுடையது கிடைத்துவிட்டது.

ஒன்று கேட்க வேண்டும். இந்தச் சோதனை எப்படி முடிந்தாலும் யாரையும் குறை சொல்ல மாட்டார்கள்தானே? சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன்,
அண்ணி

*

ஆய்வு நிலையம்,
அக்டோபர் 18

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணனுக்கும்,

இந்தக் கடிதத்தை மறைத்து வைக்க வேண்டாம், உரக்கப் படியுங்கள். நலம் விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமையில்லை, எல்லோரும் நலமாகத்தான் இருந்தாக வேண்டும்.

நீங்கள் அனுப்பிய அறுவடை எடைகளை மூன்று முறை சரிபார்த்தேன். ஈரக் கட்டமும் காய்ச்சல் கட்டமும் ஒரே மகசூல். ஒரே மகசூல் அண்ணா. முப்பது சென்டிமீட்டர் வரை காயவிட்டும் ஒரு மணிகூடக் குறையவில்லை. தலைவர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். மேஜையைச் சுற்றி வந்து கை கொடுத்தார். பக்கத்து மேஜைக்காரி என்னைத் தூக்கியே விட்டாள்.

டிசம்பரில் வாய்க்கால் விவசாயிகள் எல்லோரையும் கூட்டி அறிவிக்கப்போகிறார்கள். அடுத்த பருவம் தண்ணீர் முப்பதுக்கு இறங்கும்வரை யாரும் பாய்ச்ச வேண்டாம் என்று நான் மேடையேறிச் சொல்ல வேண்டும். அண்ணா, நீங்கள் முதல் வரிசையில் உட்கார வேண்டும். இயந்திரத்துக்கும் பாகம் வந்துவிட்டதாம். வாயு அளவுகள் இனி வெறும் சடங்குதான்.

உங்கள்
சில்வண்டு

*

ஆய்வு நிலையம்,
நவம்பர் 15

அன்புள்ள அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? போன கடிதத்துக்குப் பதில் வரவில்லையே, உடம்பு சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டேன். நான் நலம்.

இயந்திரம் ஓடுகிறது. உங்கள் குப்பிகள் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. ஜூலை முடியும்வரை காய்ச்சல் கட்டத்து மீத்தேன் விழுந்து கிடக்கிறது, எதிர்பார்த்தபடி. ஆகஸ்டிலிருந்து கதிர் வரும்வரை இரண்டு கட்டமும் தோளோடு தோள் உரசிக்கொண்டு போகின்றன. காய்ந்த மண்ணில் அப்படி வராது அண்ணி. குப்பிகள் கலந்துவிட்டனவோ என்று பார்த்தேன், இல்லை. உங்கள் வேலையில் பிசகில்லை.

வரப்பில் எலி வளை ஏதாவது இருந்ததா? ஈரக் கட்டத்திலிருந்து தண்ணீர் கசிந்திருக்கலாம். இருந்தால் ஒரு வரி எழுதுங்கள், போதும். சிறு கசிவென்றால் அடியில் ஒரு குறிப்புப் போட்டுவிட்டு அறிவித்துவிடலாம், மகசூல் மகசூல்தானே என்கிறார் தலைவர். கூட்டத்துக்கு அழைப்பும் போய்விட்டது.

அண்ணனிடம் இதைச் சொல்ல வேண்டாம். கண்ணாடிப் பெட்டியையும் குழாயையும் கழுவ வேண்டும், அனுப்பிவையுங்கள்.

உங்கள் அன்பு நாத்தனார்

*

வீடு,
நவம்பர் 23

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீ நலமாக இருக்க வேண்டுகிறேன்.

எலி வளை இருந்தது. சிறியதுதான். அடைத்துவிட்டோம். நீ எழுதியபடி குறிப்புப் போட்டுக்கொள். சாமான்களை இந்தப் பெட்டியில் அனுப்புகிறேன்.

அண்ணி

*

வீடு,
நவம்பர் 24

சில்வண்டுக்கு அண்ணன் எழுதுவது.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது. நீயும் நன்றாக இரு.

பெட்டிக்குக் கயிறு கட்டும்போது வைக்கோலுக்கு அடியில் உன் அண்ணியின் கடிதத்தைப் பார்த்தேன். படித்தது தப்புதான். அவள் எழுதியதை நான் எடுக்கவில்லை. அதன் கீழேயே இதை வைக்கிறேன்.

அந்த எலி நான்தான்.

விடிவதற்கு முன்னால் போய் வால்வைத் திறந்து, மண் ஊறுகிற அளவுக்குத் தண்ணீர் விட்டு மூடிவிடுவேன். குழாய்க்குள் ஏறுகிற தண்ணீரைக் குச்சியில் துணி சுற்றி ஒற்றி எடுத்துவிடுவேன். நம் மண் களிமண், மறுபடி ஊறிவர நேரமாகும். அதற்குள் உன் அளவுகோலை விட்டுப் பார்ப்பேன். நான் அனுப்பிய எண் ஒவ்வொன்றும் குழாயில் பார்த்ததுதான், பொய் எண் இல்லை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். எத்தனை முறை என்று கேட்காதே. மண் வாயைப் பிளந்தபோதெல்லாம் விட்டேன். உன் வேலையைக் கெடுக்க நினைக்கவில்லை. பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

உன் அண்ணிக்குத் தெரியும். மோட்டார் அறையில் குச்சியோடு துணியைப் பார்த்தாள். எடுத்துப்போய்த் துவைத்துக் காயப்போட்டாள்.

உன் அக்டோபர் கடிதத்தை அவள் உரக்கப் படித்தபோதே சொல்லியிருக்க வேண்டும். உன் சந்தோஷத்தைக் கேட்டபிறகு வாய் வரவில்லை. முந்தாநாள் கடைசி மடைக்காரர் வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஒங்க தங்கச்சி புண்ணியத்துல இனி எங்களுக்கும் தண்ணி வந்துரும். நான் மொத்த வயலையும் முப்பதுக்குக் காய விடப்போறேன்" என்றார். அவருக்கு இருப்பதே அந்த வயல் ஒன்றுதான். அவர் போனபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வயலுக்கு நான் திருட்டுத்தனமாகத் தண்ணீர் விட்டேன். அவர் வயலுக்கு யார் விடுவார்?

குறிப்புப் போடாதே. எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடு. என் பெயரையும் சொல். பூட்டுச் சாவியை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அது உன்னிடமே இருக்கட்டும். என் கையில் இருந்தால் மறுபடியும் திறப்பேன்.

அண்ணன்

*

ஆய்வு நிலையம்,
டிசம்பர் 4

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நலம். நீங்கள் இரண்டு பேரும் இப்போதாவது நிம்மதியாகச் சாப்பிடுகிறீர்களா?

இரண்டு கடிதமும் ஒரே பெட்டியில் வந்தன. அண்ணியுடையதைப் படித்து அழுகை வந்தது, அண்ணனுடையதைப் படித்து அதே கண்ணோடு சிரிப்பு வந்தது. பக்கத்து மேஜைக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அண்ணா, எண்களைப் பார்த்த அன்றே எனக்குத் தெரியும். நீங்கள் நூல் பிடித்து மிதித்த வரப்பில் எலி எங்கே வளை போடும்? உங்களிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை, அதனால்தான் எலியை நானே கண்டுபிடித்துக் கொடுத்தேன். அண்ணி அதைப் பிடித்துக்கொண்டார். மூன்று பேருமாகச் சேர்ந்து கடைசி மடைக்காரரைக் கவிழ்க்கப் பார்த்திருக்கிறோம்.

மறுநாள் காலை தலைவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி கொடுக்கவில்லை. கூட்டம் ரத்து. "ஒரு சீசன் போச்சு, எம் பேரும் போச்சு" என்று கத்தினார். நான் போகாமல் நின்றேன். இவ்வளவு பெரிய விஷயம் ஒன்று நம் மேஜைக்கு வந்திருக்கிறது சார் என்றேன். பயிர் எவ்வளவு காய்ச்சல் தாங்கும் என்று அளந்தோம். வரப்பில் நிற்கிற ஆள் எவ்வளவு தாங்குவார் என்று நாம் கேட்கவே இல்லையே, எங்கள் அண்ணனாலேயே முடியவில்லையென்றால் யாரால் முடியும் என்று கேட்டேன். கடைசியில் இன்னும் ஒரே ஒரு பருவம் தருகிறேன் என்றார். பிசகினால் நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

நான் பயப்படவில்லை அண்ணா. நிஜமாகவே முன்பைவிட உற்சாகமாக இருக்கிறேன். இந்த முறை மூன்று கட்டம். ஈரம் ஒன்று, பதினைந்து ஒன்று, முப்பது ஒன்று.

சாவியைத் திருப்பி அனுப்புகிறேன். பூட்டைக் கழற்றிவிடுங்கள் என்றுகூடச் சொல்லுவேன். அடுத்த வருடம் வாய்க்கால் நெடுக எல்லா மடைக்கும் பூட்டுப் போட்டுச் சாவியை நான் வைத்துக்கொள்ள முடியாது. மனம் கேட்காமல் திறந்துவிட்டால் திறந்ததாக எழுதுங்கள், அதுவும் எனக்குப் பதில்தான். ஒற்றி மட்டும் எடுக்காதீர்கள்.

உங்கள்
சில்வண்டு

*

வீடு,
ஏப்ரல் 28

அன்புள்ள சில்வண்டுக்கு,

வெயில் இந்த வருஷம் தாங்க முடியவில்லை, மற்றபடி இங்கே யாருக்கும் ஒரு குறையுமில்லை. உன் அண்ணன் தலையில் துணி போட ஆரம்பித்துவிட்டார். என் அடுப்படித் துணியேதான். நீ எப்படி இருக்கிறாய்?

எடைகளைத் தனியாக அனுப்பிவிட்டேன், நீ பார்த்திருப்பாய். பதினைந்து கட்டம் ஈரக் கட்டத்துக்குச் சமமாக நிற்கிறது. முப்பது கட்டத்தில் கால் பங்கு போய்விட்டது. பல கதிரில் பாதி பதர். பதினைந்து கட்டத்தில் மீத்தேன் பாதியாகக் குறைந்தது என்று நீ போன வாரம் எழுதியதை உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். "சுத்தமா இருக்கா? எலி கிலி இல்லியே?" என்றார்.

சாவிக் கதையை உனக்குச் சொல்லவில்லையே. அதை டீத்தூள் டப்பாவில் போட்டிருந்தேன். மார்ச்சில் முப்பது கட்டம் வெடித்த அன்று வந்து, "சாவி எங்க?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். நான் வாசலில் நின்று பார்த்தேன். வால்வு பக்கம் போனார், குனிந்தார், பூட்டைத் தொட்டார். அப்புறம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இது சாகறது கண்ணுக்குத் தெரியுது" என்றார். "தெரியட்டும், எழுதிக்கலாம்" என்றேன். அவர் கண் கலங்கியிருந்தது, நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எழுந்து வந்து சாவியை என் கையில் வைத்து, "இத எங்க வைக்கறேன்னு எங்கிட்டச் சொல்லாத" என்றார். அன்றிலிருந்து அது வேறு டப்பாவில் இருக்கிறது.

நேற்றுக் கடைசி மடைக்காரர் வந்தார். உன் அண்ணன் அவரை முப்பது கட்டத்துக்குக் கூட்டிப்போய், அறுக்காமல் ஓரத்தில் விட்டுவைத்த ஒரு கதிரை உருவி அவர் உள்ளங்கையில் உதிர்த்தார். அவர் ஊதினார். பாதி பறந்தது. "போன வருஷம் நீங்க விடறதா இருந்தது இதத்தான்" என்றார் உன் அண்ணன். மனுஷர் கையில் மிச்சமிருந்த நெல்லை எண்ணிப் பார்த்தார். பிறகு பதினைந்து கட்டத்தைக் காட்டச் சொன்னார். அங்கே போனதும் முழங்கால் போட்டு உட்கார்ந்து குழாய்க்குள் எட்டிப் பார்த்தார், கேள்விமேல் கேள்வி. உன் அண்ணன் பதில் சொல்லச் சொல்ல எனக்கு நீயே பேசுகிற மாதிரி இருந்தது. இந்த வீட்டில் சில்வண்டு ஒன்று இல்லை, இரண்டு.

கூட்டம் ஜூனில் என்று எழுதியிருந்தாய். முதல் வரிசையில் உட்கார மாட்டாராம், மேடையில் உன் பக்கத்தில் நிற்பாராம். என்ன பேசப்போகிறீர்கள் என்று கேட்டேன். "எலி நான்தான்னு ஆரம்பிப்பேன். அப்புறம் அவ பேசட்டும்" என்கிறார்.

வரும்போது துளை போட்ட குழாய்கள் நிறையக் கொண்டுவா. இதுவரை ஒன்பது பேர் கேட்டுவிட்டார்கள். பூட்டு வேண்டாம்.

அன்புடன்,
அண்ணி